அறுபத்தைந்தாம் பக்கம்

சுப்புராமனின் நூல் வெளியீட்டு விழாவில் பேசிய பெருமக்களில் ஒருவர்கூட நூலைத் திறக்கவில்லை. அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. நூல் வண்ணத்தாளில் சுற்றி ரிப்பன் கட்டி மேடையில் இருந்தது. ரிப்பனை அவிழ்த்ததும் எல்லோரும் அதை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். போட்டோ முடிந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. திறக்க நேரம் ஏது?

விழா நடந்தது கேளம்பாக்கத்தில், அவர் குடியிருக்கிற அடுக்குமாடியின் கிளப் ஹவுஸில். மற்ற நாட்களில் அங்கே ஜும்பா வகுப்பு. நான்கு சுவரிலும் கண்ணாடி என்பதால் இருபது பேர் வந்தால் நாற்பது பேராகத் தெரிவார்கள். வாசகர் பேரவையின் தலைவர் வெங்கடேசன் வாட்ஸ்அப்பில் நாற்பது என்றே எழுதினார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்ணிக்கையில் தாராளம் காட்டுவது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். பின்னால் தொங்கிய ஃப்ளெக்ஸில் விழாவுக்குத் தலைப்பாக ‘அணுவிலிருந்து ஆண்டவர் வரை’ என்று போட்டு, கீழே ‘மொழிபெயர்ப்புச் செம்மல்’ என்ற பட்டத்தோடு சுப்புராமன் சிரித்துக்கொண்டிருந்தார். செம்மல் பட்டத்தை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் போடுகிறவன் கொடுத்தது.

சுப்புராமன் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்தவர். உருகிய சோடியம் குழாய்க்குள் எப்படி ஓடுகிறது என்று கவனிப்பதிலேயே உத்தியோக காலம் போய்விட்டது. கடவுள் விஷயத்தை வீட்டில் சியாமளா பார்த்துக்கொண்டாள். கோயிலுக்குப் போனால் இரண்டு பேர் சார்பிலும் அவளே கும்பிட்டுவிடுவாள். அவள் டவுன்ஷிப்பில் ஒரு கான்வென்ட் பள்ளியில் டீச்சர். ஓய்வு பெற்ற அன்று கன்னியாஸ்திரிகள் அவளுக்கு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் கொடுத்தார்கள். எங்கேயோ அட்ரியாடிக் கடலில் ஒரு தீவு, அங்கே பங்குத்தந்தையாக இருந்த லோவ்ரோ என்பவர் எழுதிய கவிதைகள், அவர்கள் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. சியாமளா போன பிறகு அவளுடைய அலமாரியில் இருந்ததிலேயே ஒல்லியாக இருந்த அந்தப் புத்தகத்தை அவர் எடுத்தார். ஒல்லி என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

தீவு ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறிப் போய்விட, ஆளில்லாத கோயிலில் தினமும் பூசை வைத்துக்கொண்டிருந்தவர் அந்தப் பாதிரியார். முதல் கவிதையை சுப்புராமன் நின்றுகொண்டே படித்தார். இரண்டாவதுக்கு உட்கார்ந்தார். அப்புறம் ஒன்றரை வருஷம் எழுந்திருக்கவில்லை. முடிந்தபோது கையில் ஒரு தமிழ் நூல் இருந்தது, அதற்கு இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு முன்னுரையும் இருந்தது. பாதிரியாரின் மொழி தனக்குத் தெரியாது என்பதை முன்னுரையில் அவர் மறைக்கவில்லை. ‘மூலத்தின் மூச்சை ஆங்கிலச் சாளரத்தின் வழியே சுவாசித்தேன்’ என்று எழுதியிருந்தார்.

செங்கல்பட்டில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிற ஓர் அச்சகம் மலிவாக அச்சிட்டுக் கொடுத்தது. பாதிரியார் எழுதியது என்று கேள்விப்பட்டு, கேட்காமலே அட்டையில் ஒரு சிலுவையும் பக்கத்தில் ஒரு புறாவும் வைத்திருந்தார்கள். கட்டு வந்து இறங்கியது விழா அன்று காலையில். சுப்புராமன் ஒரு பிரதியை எடுத்து ஆசையாகப் புரட்டிக்கொண்டே போனார். அறுபத்து நாலாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்தொன்பது வந்தது.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பைண்டிங்கில் ஒரு பாரத்தை இரண்டு முறை வைத்துத் தைத்து, அடுத்த பாரத்தை விட்டுவிட்டார்கள். எல்லாப் பிரதிகளையும் பிரித்துப் பார்த்தார். எல்லாமே அப்படித்தான். அறுபத்தைந்தாம் பக்கத்தில் இருக்க வேண்டியது ‘ஆளில்லாத ஆலயத்தின் மன்றாட்டு’. பாதிரியாரின் ஒரே நீண்ட கவிதை. பொருளடக்கத்தில் இருந்தது, புத்தகத்தில் இல்லை.

அச்சகத்துக்குப் பேச போனை எடுத்தவர், கீழே வைத்தார். குழாயில் ஓட்டம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு முனையில் எதையாவது கலந்துவிட்டு மறுமுனையில் காத்திருப்பார்கள். இங்கே குறை தானாகவே கலந்திருந்தது. இனி மறுமுனையில் உட்கார வேண்டியதுதான். யார் முதலில் வந்து ‘சார், பக்கம் காணோமே’ என்று கேட்கிறாரோ அவர்தான் வாசகர். ஒருவர் போதும்.

அன்று மாலை வெங்கடேசன் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “எல்லாக் கவிதையும் அருமைதான். ஆனா அறுபத்தைந்தாம் பக்கத்துல ஒரு மன்றாட்டு இருக்கு பாருங்க. நேத்து அதைப் படிச்சிட்டு நான் தூங்கலை.”

புத்தகம் வந்ததே அன்று காலையில்தான்; தலைப்பும் பக்க எண்ணும் அழைப்பிதழோடு அனுப்பிய பொருளடக்கத்தில் இருந்தன. கண்ணாடிச் சுவர்களில் நாற்பது பேர் கை தட்டினார்கள். சுப்புராமனும் தட்டினார். அப்புறம் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஜ்ஜி வந்தது. தோளில் மூன்று சால்வைகளோடு லிஃப்டில் ஏறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சால்வைகளை நாற்காலியில் வைத்தார். பார்க்க நாற்காலியில் யாரோ குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

காத்திருந்தார். “படிச்சேன் சார், டச்சிங்கா இருந்தது” என்று வாக்கிங்கில் ஒருவர். “ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்” என்று இன்னொருவர். ஒரே மூச்சில் முடித்தவருக்குப் பதினாறு பக்கம் இரண்டு முறை வந்ததில் மூச்சு முட்டவில்லையா என்று கேட்க நினைத்து, நன்றி சொன்னார்.

மகள் ரோகிணி அமெரிக்காவில் இருந்திருந்தால் நேர வித்தியாசத்தின்மேல் பழியைப் போடலாம். அவள் இருந்தது சிறுசேரியில், ஆட்டோவில் கால் மணி நேரம். விழாவுக்கு வந்து, தன் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவசரமாகக் கிளம்பிப் போனவள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

“பாதி வந்துட்டேன்ப்பா.”

“முதல் பாதியா?”

“ஆமாப்பா. அப்புறம் என்ன பாதி?”

இன்னும் கொஞ்சம் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் அதன்பிறகு அவள் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், சொன்னால் இவருக்குத் தெரிந்துவிடும், பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் கஷ்டமாகிவிடும்.

செப்டம்பர் கடைசியில் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு.

“அலோ, சுப்புராமன் சாரா?”

“ஆமாம். யார் பேசறது?”

“இந்த புக்கு போட்டது நீங்கதான?”

“மொழிபெயர்த்தேன்.”

“இன்னாவோ ஒண்ணு. பதினாறு பக்கம் ரெண்டு வாட்டி வருது, அதுக்கப்புறம் வரவேண்டியது காணோம். அறுபத்தஞ்சாம் பக்கம் எங்க சார்?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, “எந்தப் பக்கம்?” என்றார், இன்னொரு தரம் கேட்பதற்காக.

“அறுபத்தஞ்சு. காது கேக்கலியா? நாங்க ஏழு பேரு வச்சிகினு கீறோம், ஏழு புக்குலயும் அதே கதி.”

அவள் பெயர் ஜெசிந்தா. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில், வீட்டு மாடியில் டூரிஸ்டுகளுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவள். அவர்கள் கோயிலில் தெருத்தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்து ‘அன்பியம்’ என்று வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் யார் வீட்டிலாவது கூடி ஜெபம் சொல்வார்கள். ஜெசிந்தாவின் அன்பியத்தில் ஜூலை மாதத்திலிருந்து அந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்களாம்.

“மத்ததெல்லாம் முடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. பாக்கி வச்சா நல்லாவா கீது? அந்தத் தாளை போஸ்ட்ல போட்டு வுடுங்க.”

“நானே வந்து படிக்கறேன்.”

“போஸ்ட்டே போதும் சார்.”

“இல்லைம்மா. வர்றேன்.”

“உங்க இஷ்டம். புதன்கெழம ஆறரைக்கு.”

புதன்கிழமை அவர் பிரிண்டரில் பதினாறு பக்கத்தையும் எடுத்து, முன்னுரையிலிருந்து முக்கியமான பகுதிகளைக் கோடு போட்டு வைத்துக்கொண்டார். ஏற்புரைக்குச் சில வரி யோசித்தார். சால்வைக்கு இடம் விட்டு மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் கோவளம் போய், அங்கே பஸ் மாறினார். ரிசார்ட் மதில்களுக்கு நடுவே நடுவே கடல் வந்து வந்து போயிற்று.

ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் வெள்ளைக்காரர்களின் அலைச்சறுக்குப் பலகைகள் சாய்ந்து நின்றன. உள்ளே ஹாலில் இயேசு படத்துக்குக் கீழே சின்ன சிவப்பு பல்பு. பாயில் உட்கார்ந்திருந்த ஆறு பெண்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள். ஜெசிந்தாவுக்கு ஐம்பது இருக்கும், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லார் கையிலும் அவர் புத்தகம். இந்த மாதிரி ஒரு காட்சியை அவர் கனவிலும் கண்டதில்லை என்று சொன்னால் பொய்; கனவில் மட்டும் கண்டிருந்தார்.

“எங்கே வாங்கினீங்க?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த பிரதியை வாங்கித் திறந்தார்.

முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘அன்பு நண்பர் வெங்கடேசன் அவர்களுக்கு, என்றும் மாறாத நட்புடன்.’ அடுத்ததை வாங்கினார். ‘இலக்கிய நெஞ்சர் தர்மராஜ் அவர்களுக்கு.’

“எல்லாம் பாப்பா கொணாந்ததுதான்” என்றாள் ஜெசிந்தா. “எங்க நாத்தனா. உங்க அபார்ட்மென்ட் கிளப்புல பெருக்கறா. மீட்டிங் முடிஞ்சி எல்லாரும் எழுந்து போனப்புறம் சேர் மேல கெடந்துச்சாம். ஒண்ணு ரெண்டு மேல பஜ்ஜி எண்ணெ. சிலுவை போட்ட புக்காச்சே, குப்பையில போவக்கூடாதுன்னு எட்த்துகினு வந்துட்டா.”

“நல்லதாப் போச்சு” என்றார் சுப்புராமன்.

ஓரத்தில் கண்ணாடி போட்ட கிழவி ஒருத்தி தன் பிரதியை நீட்டினாள். அமிர்தவல்லி என்று பெயர் சொன்னார்கள். “எனுதையும் பாருங்க சார். இதுல இருக்கற ரோகிணி யாரு? பேரு எழுதி கீதேன்னு வாரா வாரம் அவங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிகினு கீறேன்.”

‘என் மகள் ரோகிணிக்கு, அம்மாவின் நினைவாக, அப்பா.’

போனில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது: பாதி வந்துட்டேன்ப்பா. புத்தகம் இங்கே முழுதும் வந்திருந்தது.

“உங்களுக்கு வேற புதுசு அனுப்பறேம்மா. இதை நான் எடுத்துக்கட்டுமா?”

“அது எதுக்கு” என்று அமிர்தவல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்கு இதான் பழக்கம்.”

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கோடு போட்ட தாள்களை எடுத்தார். “கவிதைக்குப் போறதுக்கு முன்னாடி அதோட பின்புலத்தை—”

“சார், எட்டு மணிக்கு சீரியலு” என்றாள் ஜெசிந்தா. “ஜெபத்தை ஆரம்பிங்க.”

“முன்னுரை படிச்சிருப்பீங்க இல்லையா?”

“அது நீட்டமா கீதுன்னு வுட்டுட்டோம்.”

ஆரம்பித்தார்.

“ஆளில்லாத பெஞ்சுகளே…”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள் ஏழு பேரும் ஒரே குரலில்.

அவர் நிமிர்ந்தார். யாரும் வேடிக்கை பண்ணுகிறாற்போலத் தெரியவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள்.

“எரியாமலே உருகிய மெழுகுவர்த்தியே…”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“இல்லைம்மா, ஒரு நிமிஷம்.” அவர் தாளைக் கீழே வைத்தார். “இதுல பதில் கிடையாது. அதுதான் இந்தக் கவிதையே. மன்றாட்டு மாதிரி அமைப்பு இருக்கும், ஆனா பதில் வராது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தோட நவீனத்துவத்தைப் பத்தி முன்னுரையில எட்டு பக்கம்—”

“மன்றாட்டுன்னு பேரு வச்சது யாரு?”

“நான்தான்.”

“மன்றாட்டுன்னா பதில் சொல்லணும் சார். சின்னப் புள்ளையிலேர்ந்து அதான் பழக்கம், வாயி தானா சொல்லிடும்” என்றாள் ஜெசிந்தா. “அந்த பாதர் கோயில்ல ஆளில்ல, பதில் வரல, பாவம். இங்க நாங்க கீறோமே. நீங்க பாட்டுக்குப் படிங்க.”

ஒன்றரை வருஷத்து ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. அவர் படித்தார். யாரும் தொடாத தீர்த்தத் தொட்டியே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எனக்கே திரும்பி வரும் என் குரலே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். முதல் பக்கத்தில் அவர்களை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தார், விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் அவர்களுக்காக நிறுத்த ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில், பதில் வர அரை நொடி தாமதமானால் தலை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் அவர் பேசி யாரும் பதில் சொல்லி வருஷம் இரண்டு ஆகிறது. குக்கர் மட்டும் எப்போதாவது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். சாவி இருந்தும் திறக்காத கதவே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அதோடு பாதிரியாரின் கவிதை முடிகிறது. ஆனால் தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. அது ஆங்கிலத்தில் இல்லை, மூலத்திலும் இருக்க நியாயமில்லை. ஒரு நாள் ரேஷன் கடையில் அட்டையை மெஷினில் காட்டிவிட்டு “ரெண்டு பேரு, சக்கரை ஒரு கிலோ” என்று கடைக்காரர் சொன்னார். சுப்புராமன் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, அன்று சாயங்காலம் எழுதிச் சேர்த்தது. முன்னுரையின் இருபத்திரண்டு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

படிக்காமல் மடித்துவிடலாமா என்று நினைத்தார். ஏழு பேரும் காத்திருந்தார்கள்.

“ரேஷன் அட்டையில் இன்னும் அடிக்காத பெயரே…”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

சுப்புராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அமிர்தவல்லி கேட்டாள்: “அந்த பாதர் ஊர்லயும் ரேஷன் கார்டு கீதா சார்?”

உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பாவில் பங்கீட்டு முறை இருந்தது என்று ஓர் அடிக்குறிப்பு அவர் நாக்கு நுனி வரை வந்தது. நம்பியிருப்பார்கள். வெங்கடேசனாக இருந்தால் மேற்கோளே காட்டியிருப்பார்.

“அது பாதர் எழுதினது இல்லை” என்றார். “நான் சேர்த்தது.”

“யாரு பேரு?”

“என் மனைவி. சியாமளா.”

பாயில் இருந்தவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஜெசிந்தா சொன்னாள்: “அடிக்காதீங்க, இருக்கட்டும். அரை கிலோ சக்கரை கூட வருதில்ல.”

“எங்க வூட்டுக்காரரு பேரு இன்னும் கீது” என்றாள் அமிர்தவல்லி. “செத்து ஆறு வருசம். மாசாமாசம் தவறாம வாங்கிகினு வர்றேன்.”

“எங்க மாமியா பேரும்” என்றாள் இன்னொருத்தி. விசாரித்ததில் ஏழு வீட்டில் நான்கு வீடுகளில் இறந்தவர்கள் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறந்தவர்களுக்கான ஜெபத்தில் அந்தந்த வீட்டுப் பெயர்களைச் சொல்வது வழக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு செல்வராஜுக்கும் சர்க்கரை நோயில் போன ஒரு மாமியாருக்கும் நடுவில் சியாமளாவின் பெயரையும் ஜெசிந்தா சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவரிடம் கேட்கவில்லை. தினசரி லலிதா சகஸ்ரநாமம் சொன்னவள் சியாமளா, அவள் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று அவருக்குக் கொஞ்சம் தோன்றியது. நினைத்துக்கொள்ளட்டும், எங்காவது இருந்து நினைத்துக்கொண்டால் சரி.

சால்வை போடவில்லை. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தாள்களை ஜெசிந்தா வாங்கித் தன் புத்தகத்துக்குள் சரியான இடத்தில் செருகினாள்.

“அடுத்த வாரம் எதைப் படிப்பீங்க?” என்று கேட்டார்.

“புக்குதான் முடிஞ்சிபோச்சே சார். பாக்கியும் தீந்துச்சி. அக்டோபர் பொறந்தா ஜெபமாலை மாசம், மாலைதான் சொல்லுவோம்.”

“நான் வரலாமா?”

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வாங்க. ஆனா மாலை எட்த்துகினு வாங்க. எங்கள்ட்ட எக்ஸ்ட்ரா கெடையாது.” கதவு வரை வந்தவள், “சீக்கிரம் போங்க, பஸ்ஸு வுட்டா பேஜாரு” என்று சொல்லிவிட்டு டிவியைப் போட உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அவர் செய்த முதல் காரியம், பேரவையின் வாட்ஸ்அப்பில் எழுதியது: ‘நண்பர்களே, என் நூலில் 65 முதல் 80 வரையுள்ள பக்கங்கள் இல்லை. 49 முதல் 64 வரை இரண்டு முறை வந்துள்ளன. முதல் நாளே தெரிந்தும் நான் சொல்லவில்லை. மன்னிக்கவும்.’

உடனே வந்தது: ‘வாழ்த்துகள் சார்.’

அதன் கீழே: ‘வாழ்த்துகள் சார்.’

‘மேலும் பல உயரங்கள் தொட வாழ்த்துகள் சார்.’

வெங்கடேசன் கூப்பிய கைகளையும் மூன்று பூங்கொத்துகளையும் அனுப்பினார். சுப்புராமன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். இதற்கும் ஒரு தாளம் இருந்தது. இதுவும் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ரோகிணியின் நம்பரை எடுத்து, பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று வைத்தார்.

சாமி அலமாரியில் விளக்கு ஏற்றி நாளாகியிருந்தது. உள்ளே ஒரு டப்பாவில் சியாமளாவின் ஸ்படிக மாலை அப்படியே இருந்தது. கையில் எடுத்தால் இத்தனை நாள் கழித்தும் சில்லென்றுதான் இருந்தது. கிறிஸ்தவ ஜெபமாலையில் எத்தனை மணி என்று போனில் தேடினார். ஐம்பத்துச் சொச்சம். இதில் நூற்றெட்டு. அவர்கள் முடித்து எழுந்த பிறகும் இவர் கையில் பாதி மாலை மீந்து நிற்கும். சிலுவையும் கிடையாது.

மாலையைக் கைக்குட்டையில் முடிந்து, அடுத்த புதன்கிழமைக்கான சட்டையின் பையில் வைத்தார். யாரும் கவனிக்காமல் ஓட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நடக்காது. பக்கத்தை எண்ணுகிறவள் மணியை எண்ணாமல் விடமாட்டாள், ‘இன்னா சார் இது’ என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். அதை நினைத்துக்கொண்டு சுப்புராமன் அரிசி களையப் போனார்.